ஐந்து வீட்டுக்கு ஒரு டேட்டா, அதற்கும் ஒரு பூட்டா?



கொழுந்து பறிக்கிறவர்களுக்கு விபிஎன் எதற்கு என்று கேட்கிறார்கள். தோட்டக் காரியாலயத்தில் இருப்பவர்கள் கேட்டால் அதில் அதிசயமில்லை. எமது தொழிற்சங்கக் கூட்டங்களிலேயே மூத்த தலைவர்கள் சிலர் கேட்கிறார்கள். அது கள்ள வேலை, பொலிசுக்குப் பயந்தவன் செய்கிற வேலை, கூடாத படம் பார்க்கிற பயல்களின் வேலை என்கிறார்கள். மறுபக்கத்தில் இளைஞர்கள் வேறு கதை சொல்கிறார்கள். போனில் விபிஎன் போட்டாயிற்று, இனி யாராலும் எம்மைத் தடுக்கவும் முடியாது, பார்க்கவும் முடியாது என்கிறார்கள். இரண்டு பேச்சும் பிழை. அதிலும் இரண்டாவது பிழை முதலாவதை விட ஆபத்தானது என்று நாம் கருதுகிறோம். ஏனென்றால் அதை நம்புகிறவன் எமது பிள்ளை. நட்டப்படுவது அவன் மட்டுமல்ல, அவனோடு டேட்டாவைப் பங்கு போடுகிற முழு லயமும்தான்.

முதலில் மூத்தவர்களுக்குப் பதில் சொல்வோம்.

2018 மார்ச் மாதம் திகன பக்கம் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் தடுத்தது. சுமார் ஒரு வாரம் தடை இருந்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மறுபடியும் தடை வந்து மாத முடிவு வரை நீடித்தது. மே 13 ஆம் திகதி இன்னொரு தடவை போட்டார்கள். 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில், ஊரடங்கோடு சேர்த்து சமூக ஊடகங்களையும் பூட்டினார்கள். அன்று பூட்டியது கலவரத்தை அடக்கவா? மறுநாள் ஊரடங்கு முடியும்வரை மக்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டு வீதிக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

அந்தத் தடை சுமார் 15 மணித்தியாலத்தில் நீக்கப்பட்டது. அதற்கு முன்பே, அன்றைய அமைச்சரவையில் இருந்த நாமல் ராஜபக்ஷ, தானும் விபிஎன் போட்டுத்தான் எழுதுவதாகவும், விபிஎன் இருக்கும்போது இப்படியான தடையால் பிரயோசனமில்லை என்றும் டுவிட்டரில் பகிரங்கமாகச் சொன்னார். நாட்டின் அமைச்சர் விபிஎன் போட்டால் அது நாகரிகம், லயத்துப் பையன் போட்டால் அது கள்ள வேலையா? இலங்கையில் விபிஎன் பயன்படுத்துவதே குற்றம் என்று சொல்கிற சட்டம் எதுவும் இல்லை. இதை எமது தலைவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெறுப்பைப் பரப்புகிறவர்களை அடக்கத்தானே தடை என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1977இலும் 1983இலும் வதந்தியின் நெருப்பில் வெந்த மக்கள் நாம். வதந்தியை லேசாக எடுத்துக்கொள்ள எம்மால் முடியாது. ஆனால் நடந்தது என்ன? 2019 மே 13 ஆம் திகதி தடை இருந்தபோதுதான் மினுவாங்கொடையில் கடைகள் எரிந்தன. பெற்றோல் கொண்டு வந்தவனுக்கு வாட்ஸ்அப் தேவைப்படவில்லை. தங்கள் ஆட்கள் எங்கே, உயிரோடு இருக்கிறார்களா என்று தேடியவர்களுக்குத்தான் அது தேவைப்பட்டது. வெறுப்பைப் பரப்பியவனைப் பிடித்து வழக்குப் போடுங்கள், நாம் கூட வருகிறோம். அதற்காக முழு நாட்டின் வாயையும் பொத்தாதீர்கள்.

எமது போராட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 2018 ஒக்டோபர் 24, போயா தினம், நினைவிருக்கிறதா? ஆயிரம் ரூபா அடிப்படைச் சம்பளம் கேட்டு மலையக இளைஞர் யுவதிகள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் கூடினார்கள். கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிற எமது பிள்ளைகள் அவர்கள். அவர்களை அங்கே சேர்த்தது பெரும்பாலும் பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும்தான். பெரிய தொழிற்சங்கங்கள் பிந்தித்தான் விழித்தன. இதை ஒரு தொழிற்சங்கப் பத்திரிகையே எழுதுவது சிலருக்குக் கசக்கலாம். மார்ச்சில் வந்த பூட்டு ஏழு மாதம் தள்ளி ஒக்டோபரில் வந்திருந்தால் அந்தக் கூட்டம் கூடியிருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

வெளியார் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்குப் போட்ட காலம் ஒன்று இருந்தது. அப்போது கோ. நடேசய்யர் புடைவை வியாபாரி வேடம் போட்டு லயங்களுக்குள் நுழைந்தார். தோளில் இருந்தது புடைவை மூட்டை, வந்தது தொழிலாளியின் நிலையைப் பார்க்கவும் பேசவும். பிறகு 1931இல் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோதும், மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடி ஆட்களைத் திரட்டியபோதும் அதைக் கள்ள வேலை என்று சொன்னவர்கள் துரைமார்தான். தொழிலாளி சொன்னதில்லை. விபிஎன் செய்வதும் ஏறக்குறைய அந்த மூட்டையின் வேலையைத்தான். நீங்கள் அனுப்புவதை ஒரு மூட்டையில் கட்டி, வெளிநாட்டில் உள்ள ஒரு கணினியின் முகவரியை மேலே எழுதி அனுப்புகிறது. வழியில் நிற்கிற தொலைபேசி நிறுவனத்துக்கு மூட்டை போவது தெரியும், உள்ளே இருப்பது பேஸ்புக்கா, பாடசாலைப் பாடமா என்று தெரியாது. தெரியாததால் தடுக்க முடிவதில்லை. மூட்டையை அவிழ்த்து உரிய இடத்தில் சேர்ப்பது அந்த வெளிநாட்டுக் கணினிதான்.

மூத்தவர்களுக்கு இது போதும். இனி இளைஞர்களோடு பேசுவோம். அவர்களோடு பேச வேண்டியதுதான் அதிகம்.

எமது லயங்களில் ஒரு போன் என்பது ஒருவருடைய போன் அல்ல. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கியபோது, ஒரு வீட்டில் ரீலோட் போட்டு ஹொட்ஸ்பொட் திறந்தால் நாலைந்து காம்பராப் பிள்ளைகள் அதில்தான் படித்தார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. போகவும் முடியாது, ஏனென்றால் வீட்டுக்கு வீடு ரவுட்டர் வைக்கிற சம்பளம் எமக்கு இல்லை. எனவே விபிஎன் பற்றி நகரத்துக்காரருக்குச் சொல்கிற புத்திமதி எமக்கு அப்படியே பொருந்தாது. தனக்கென்று போனும் தனக்கென்று டேட்டாவும் உள்ளவனின் கணக்கு வேறு, எமது கணக்கு வேறு.

கணக்கு என்று சொன்னதும் பெக்கேஜ் விஷயத்துக்கு வருவோம். நாம் போடுவது பெரும்பாலும் மலிவான சமூக ஊடகப் பெக்கேஜ். வாட்ஸ்அப்புக்கு இவ்வளவு, பேஸ்புக்குக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று பிரித்துப் பிரித்து விற்கிறார்கள். எந்நேரமும் எதற்கும் பாவிக்கக்கூடிய டேட்டாவுக்கு விலை கூட. இப்போது விபிஎன்னைத் திறந்தால் என்ன நடக்கும்? மூட்டைக்குள் இருப்பது வாட்ஸ்அப் என்று நிறுவனத்துக்குத் தெரியாது அல்லவா? அதனால் வாட்ஸ்அப் பெக்கேஜில் கழியாது. எந்நேர டேட்டாவில் கழியும். அது இல்லாவிட்டால் ரீலோட் காசில் கை வைக்கும், அல்லது ஒன்றுமே வேலை செய்யாது. பெக்கேஜ் முழுசாக இருக்கிறது, ஆனால் ஒரு மெசேஜும் போகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களின் பிரச்சினை பல வேளைகளில் இதுதான். மூட்டை கட்டுகிற கூலியும் இருக்கிறது. விபிஎன் போட்டால் டேட்டா நூற்றுக்கு 5 முதல் 15 வரை கூடுதலாகச் செலவாகும். ஐந்து வீடு குடிக்கிற பைப்பில் ஒருவர் திறந்து விட்டதைப் போலத்தான் இது. தடை நீங்கிய பிறகும் விபிஎன்னை மூடாமல் வைத்திருந்தால், அரைப்பேர் போட்டுச் சம்பளத்தை வெட்டுகிறார்கள் என்று சண்டை போடுகிற நாமே எமது காசை நாமே வெட்டிக்கொள்கிறோம்.

நாம் இதை வெறும் கவனக்குறைவு என்று விட்டுவிடவில்லை. ஏழைக்கு மட்டும் தனித்தனிக் காம்பராவாகப் பிரித்த இணையத்தை விற்பதே அநியாயம். பணக்காரன் வாங்குவது முழு வீடு, எமக்கு விற்பது லயன் காம்பரா. எந்தக் காம்பராவுக்குள் போகிறாய் என்று வாசலில் நின்று பார்த்தால்தான் அந்த வியாபாரம் நடக்கும். மூடிக்கொண்டு போகிறவனுக்கு அபராதம் விதிப்பது போல அதிக விலை. பிரித்து விற்பதை நிறுத்தி, எதற்கும் பாவிக்கக்கூடிய டேட்டாவைக் கட்டுபடியான விலைக்குக் கொடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்க வேண்டியது தொழிற்சங்கங்களின் வேலை. மாவு விலைக்குப் பேசுகிற நாம் டேட்டா விலைக்குப் பேசாமல் இருப்பது ஏன்?

அடுத்தது ஹொட்ஸ்பொட். டேட்டா கொடுக்கிற போனில் விபிஎன் போட்டுவிட்டால் அதிலிருந்து எடுக்கிற எல்லோருக்கும் போட்டதாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரண அண்ட்ரொய்ட் போனில் அப்படி நடப்பதில்லை. விபிஎன் அந்த ஒரு போனுக்கு மட்டும்தான். ஹொட்ஸ்பொட்டில் தொங்குகிற மற்றப் போன்களின் போக்குவரத்து மூடாமல் வெளியே போகும். முன்னால் போகிறவள் கொங்காணி போட்டால் பின்னால் வருகிறவள் நனையாமல் இருப்பாளா? தேவைப்படுகிற ஒவ்வொருவரும் தன் தன் போனில் போட வேண்டும்.

அந்த சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று எத்தனை பேர் யோசித்தோம்? பெரும்பாலும் வீட்டில் அடையாள அட்டை வைத்திருக்கிற அம்மாவின், பாட்டியின் பெயரில். ஹொட்ஸ்பொட்டில் எத்தனை பேர் இருந்தாலும் வெளியுலகுக்கு அது ஒரே சிம், ஒரே ஆள். அதில் ஒருவன் கோபத்தில் எதையாவது எழுதிப் போட்டு விசாரணை வந்தால் முதலில் தேடுவது அந்த அடையாள அட்டைக்காரியைத்தான். 2024 பெப்ரவரி 1 முதல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. எது பொய்க் கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவின் கையில் கொடுக்கிற சட்டம் அது. அதை நாம் எதிர்க்கிறோம். எதிர்ப்பது வேறு, அது இல்லாதது போல நடப்பது வேறு. விபிஎன் உங்கள் பெயரை மறைக்காது. சொந்தப் பெயரில் உள்ள பேஸ்புக் கணக்கில் எழுதிவிட்டு விபிஎன் காப்பாற்றும் என்று இருப்பது, முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காலை மூடியது போல. தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தின் ஆள் ஒருவன் இருந்தால் அவனிடமிருந்தும் விபிஎன் காப்பாற்றாது. அவன் திரையைப் படம் பிடித்துக் காரியாலயத்தில் காட்டுவான், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் எழுதுவதை நிறுவனம் வாசிக்க முடியாதபடி அது ஏற்கெனவே பூட்டித்தான் அனுப்புகிறது, அதற்காக விபிஎன் தேவையே இல்லை. தேவைப்படுவது இரண்டு இடத்தில். ஒன்று, அரசாங்கம் பூட்டும்போது. மற்றது, ஸ்டோரிலோ காரியாலயத்திலோ கடையிலோ பிறருடைய வைபையில் ஏறும்போது. எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது அந்த ரவுட்டருக்குச் சொந்தக்காரர் நினைத்தால் தெரியும். விபிஎன் போட்டால் அது தெரியாது.

இலவச விபிஎன் பற்றிக் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. துரையின் கண்ணுக்குத் தப்பி கங்காணியின் கையில் மாட்டிக்கொண்டது போன்ற கதை இது. மூட்டையை அவிழ்ப்பது யார் என்று மேலே சொன்னோம் அல்லவா? அந்த விபிஎன்காரன்தான். அவன் யார்? எந்த நாடு? எங்கிருந்து அவனுக்குச் சம்பளம்? 2016இல் அவுஸ்திரேலிய அரச ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 283 அண்ட்ரொய்ட் விபிஎன்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 38இல் தீங்கான மென்பொருளின் அடையாளம் இருந்தது. நூற்றுக்கு 18 மூட்டையைக் கட்டவே இல்லை, திறந்தபடியே அனுப்பின. பேஸ்புக் நிறுவனமே ஒனாவோ என்றொரு இலவச விபிஎன்னை வாங்கி, பாதுகாப்பு என்ற பெயரில் கொடுத்து, ஜனங்கள் போனில் என்னென்ன பாவிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. 2019இல்தான் அதை மூடியது. 2023இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் அந்த விஷயத்தில் அதன் துணை நிறுவனங்களுக்கு 2 கோடி டொலர் அபராதம் விதித்தது. ஹோலா என்ற இன்னொன்று, பாவிப்பவர்களின் இணைப்பையே பிறருக்கு விற்றது 2015இல் வெளியே வந்தது. யோசியுங்கள்: எங்கோ இருக்கிற ஒருவன் உங்கள் பாட்டியின் சிம்மில் ஏறி வேலை பார்க்கிறான், பெயர் பாட்டியுடையது, டேட்டாக் காசு ஐந்து வீட்டுக்காரருடையது.

எல்லா இலவசமும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. சுவிட்சர்லாந்தின் புரோட்டான் விபிஎன் இலவசமாகவே டேட்டா எல்லையில்லாமல் கொடுக்கிறது. காசு கட்டுகிற வாடிக்கையாளரிடமிருந்து அதற்கு வருமானம் வருகிறது, அதன் நிரல்களை யாரும் பார்த்துப் பரிசோதிக்கலாம். தடை காலத்துக்கென்றே செய்யப்பட்ட சைஃபன் என்பதும் இருக்கிறது. வாட்ஸ்அப்பிலேயே 2023 ஜனவரி முதல் புரொக்சி என்ற வசதி உண்டு. நம்பகமான ஒருவர் அமைத்த புரொக்சி முகவரியைப் போட்டால் விபிஎன் இல்லாமலே தடை காலத்தில் வாட்ஸ்அப் வேலை செய்யலாம். நாம் யாருக்கும் விளம்பரம் செய்யவில்லை, பெயர் தெரியாததைப் போடுவதை விட இவை மேல் என்கிறோம்.

எதைப் போட்டாலும் பிளே ஸ்டோரிலிருந்து, தடை வருவதற்கு முன்பே போட்டு வையுங்கள். 2019இல் சில விபிஎன் சேவைகளையும் சேர்த்தே தடுத்தார்கள். தடை வந்த இரவில் கைமாறி வருகிற கோப்பைத் திறந்து போடாதீர்கள். கள்ளனுக்கு அதை விட நல்ல இரவு இல்லை.

வளைகுடாவில் வேலை செய்கிற எமது சகோதரிகள், மகள்மார் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. துபாயிலும் அபுதாபியிலும் வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் எடுக்க முடியாது, அந்த நாடு தடுத்திருக்கிறது. அதற்காக இங்கே லயத்தில் விபிஎன் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீண் செலவு, தடை அங்கே இருக்கிறது. சிலர் அங்குள்ள பிள்ளையிடம் விபிஎன் போடச் சொல்கிறார்கள். தயவு செய்து சொல்லாதீர்கள். அந்த நாட்டில் விபிஎன் முழுவதும் தடையல்ல என்றாலும், அதைக் கொண்டு குற்றமொன்றைச் செய்தால் அல்லது மறைத்தால் 5 லட்சம் திர்ஹமிலிருந்து 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் சிறையும் உண்டு. அவள் இருப்பது எஜமானின் வைபையில். கடவுச்சீட்டையே எஜமான் வாங்கி வைத்துக்கொள்கிற வீடுகள் இருக்கின்றன, அந்த வீட்டில் அவளுக்கு எதிராக இன்னொரு ஆயுதத்தை நாம் கொடுக்கக் கூடாது. அங்கே அனுமதி பெற்ற பொட்டிம் போன்ற செயலியில் பேசுங்கள். எமது பெண்கள் வீட்டாரின் முகம் பார்த்துப் பேசுகிற உரிமையை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும் என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் கேட்பது வேறொரு போராட்டம், அதையும் தொடங்கத்தான் வேண்டும்.

இத்தனையையும் ஒரு 19 வயதுப் பையன் தானாகக் கண்டுபிடித்துக்கொள்வான் என்று தலைவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருப்பதைத்தான் நாம் குற்றம் சாட்டுகிறோம். சந்தா வாங்குகிற தொழிற்சங்கம் இதைச் செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் எமக்கு வருகிற கடிதம் தோட்டக் காரியாலயத்தின் கை வழியாகத்தான் லயத்துக்கு வந்தது. இன்றும் பல தோட்டங்களில் அப்படித்தான், வேலைக்கான நேர்முகக் கடிதம் திகதி முடிந்த பிறகு கைக்கு வந்த பிள்ளைகள் எத்தனை பேர்! லயத்துக்குத் தனி முகவரி கேட்டு இன்னும் போராடுகிறோம். இணையமும் அதே போல ஒருவரின் கை வழியாக, அவர் நினைத்தால் நிறுத்தக்கூடியதாக வரட்டும் என்று விட்டுவிடலாமா? நீதிமன்றக் கட்டளை இல்லாமல், காலவரையறை இல்லாமல், ஒரு அமைச்சின் தொலைபேசி அழைப்பில் நாட்டின் இணையத்தைப் பூட்ட முடியாதபடி சட்டம் வேண்டும். அது வரும்வரை ஒவ்வொரு லயத்திலும் இரண்டு பேருக்காவது, அதில் ஒருவர் பெண்ணாக, இந்த வேலை தெரிந்திருக்க வேண்டும். தடை வந்தால் அந்த இரண்டு போனில் மட்டும் விபிஎன் திறந்து, செய்தியை வாங்கி, மற்ற வீடுகளுக்கு வாயால் சொன்னால் போதும். ஐந்து வீட்டு டேட்டாவும் மிஞ்சும்.

எனவே எல்லாத் தோட்டக் கிளைகளும் அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு மணித்தியாலத்தை இதற்கென ஒதுக்க வேண்டும். இளைஞர் அணியும் மாதர் அணியும் சேர்ந்து நடத்தட்டும், தலைவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கற்கட்டும். ஹொட்ஸ்பொட் கொடுக்கிற வீட்டார் கட்டாயம் வர வேண்டும். போனில் இப்போது இருக்கிற பெயர் தெரியாத விபிஎன்களை அன்றைக்கே நீக்கிவிடுவோம், எந்தப் பெக்கேஜில் எது கழிகிறது என்று போனைத் திறந்து வைத்தே பார்ப்போம். வரும்போது சார்ஜரையும், இருந்தால் ஒரு எக்ஸ்டென்ஷன் வயரையும் கொண்டு வாருங்கள். கிளை அறைகள் பலவற்றில் பிளக் ஒன்றுதான் இருக்கிறது.